714 ரூபாய் மிச்சம், 38 லட்சம் கடன்: புதுச்சேரியில் காலாவதி ஆர்.சி.யோடு, இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?

சனி, ஞாயிறு வந்தால் போதும், புதுச்சேரி ஒயிட் டவுன் முழுக்க வாடகை ஸ்கூட்டர்கள்தான். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்து இறங்கும் இளைஞர்கள் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஆரோவில், சுண்ணாம்பாறு என்று கிளம்பிவிடுகிறார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கு, பிரேக் பிடிக்குதா, ஹெல்மெட் தருவீங்களா என்று எல்லாம் விசாரிப்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: “அண்ணே, இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?”

உள்ளூர்க்காரர்கள் கதையும் இதுதான். முத்தியால்பேட்டையிலிருந்து நேரு வீதி மார்க்கெட்டுக்குப் போய் வர ஒரு பழைய ஸ்கூட்டர். “இங்க இருக்கிற கடைக்குத்தானே, அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?” என்று அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.சி. எப்போது காலாவதி ஆனது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது.

இது புதுச்சேரிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதை நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழுவே 2024 அறிக்கையில் கவலையோடு சுட்டிக்காட்டியது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளில் பெரும்பகுதி டூவீலர்கள்.

மாட்டினால் ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உண்மையான செலவு ஃபைனில் இல்லை. அது எங்கே இருக்கிறது, யார் தலையில் விழும், எப்படித் தப்பிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தப் பேப்பர் எப்போது காலாவதி ஆகும்?

சொந்த உபயோகத்துக்கான பைக், ஸ்கூட்டர், கார்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41ன்படி ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதன்பிறகு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஆட்டோ, டெம்போ, டாக்ஸி, லாரி: இவற்றுக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுதான் உயிர்நாடி. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எஃப்.சி. இல்லையென்றால், பதிவே செல்லாததாகக் கருதப்படும் என்கிறது பிரிவு 56.

இன்சூரன்ஸ்: பிரிவு 146ன்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக் கூடாது. உங்கள் வண்டியால் அடிபடும் வேறொருவருக்கான பாதுகாப்பு இது. தேர்ட் பார்ட்டி என்று நாம் சொல்வது இதைத்தான். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் வேறு. அது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை.

புகைப் பரிசோதனைச் சான்று: இது இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2024 ஜூலையில் தளர்த்தப்பட்டது. ஆனால் சான்று இல்லாமல் ஓட்டுவது இப்போதும் குற்றம்தான்.

இத்தனை பேர் எப்படி மறக்கிறார்கள்?

எல்லோரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் இல்லை. பலர் விழுவது ‘ஐந்து வருஷப் பொறி’யில்.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்கக் கோரி 2012ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் ஒரு முக்கியமான உத்தரவு வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புது டூவீலருக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஷோரூமிலேயே சேர்த்துத் தந்துவிட வேண்டும் என்பதுதான் அது. இரண்டாம் வருஷத்திலிருந்தே பாலிசியைக் கைவிடும் பழக்கத்துக்கு அதுதான் மருந்து.

மருந்து வேலை செய்தது, ஐந்து வருஷம் வரைக்கும். ஐந்து வருஷம் இன்சூரன்ஸ் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் ஓட்டிப் பழகியவருக்கு ஆறாவது வருஷம் யார் ஞாபகப்படுத்துவது? போன் நம்பர் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். 2018 செப்டம்பரில் வாங்கிய ஸ்கூட்டரின் பாலிசி 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு கூட்டம் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆர்.சி.க்கும் இதே கதைதான். 2010ல் வாங்கிய வண்டிக்கு 2025லேயே 15 வருஷம் முடிந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹெல்மெட் போடாதது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், அரசியலும் ஆகும். 2019 பிப்ரவரியில் புதுச்சேரி அதைப் பார்த்தது. அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கி ஹெல்மெட் போடச் சொன்னார். முதல்வர் நாராயணசாமி, முதலில் விழிப்புணர்வு, அப்புறம்தான் கட்டாயம் என்று எதிர்த்தார். ஆளும் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்துப் போராடினார்கள். காலாவதி ஆன பாலிசிக்காக இப்படி யாரும் சண்டை போட மாட்டார்கள். ஏனென்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது, விபத்து நடக்கும்வரை.

பிடிபட்டால் ஃபைன் எவ்வளவு?

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மத்தியச் சட்டம் சொல்லும் தொகை இது:

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் (பிரிவு 196): முதல் முறை ரூ.2,000 அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ரூ.4,000. ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, ஓட்ட விடுகிறவரும் குற்றவாளிதான். நண்பருக்கு வண்டி கொடுத்து அனுப்பும் உரிமையாளருக்கும் இது பொருந்தும்.

பதிவு இல்லாமல் ஓட்டினால் (பிரிவு 192): முதல் முறை ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை. அடுத்த முறை ரூ.10,000 வரை போகும், ஒரு வருஷம் வரை சிறைக்கும் வழி உண்டு. ஆர்.சி.யின் காலம் முடிந்த வண்டி செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டிதான். அப்படிப்பட்ட வண்டியைப் பிடித்து நிறுத்திவைக்கவும் பிரிவு 207 போலீசுக்கு அதிகாரம் தருகிறது.

புகைச் சான்று இல்லையென்றால் (பிரிவு 190): ரூ.10,000 வரை.

‘சரி, அதிகபட்சம் சில ஆயிரம்தானே’ என்று தோன்றலாம். கணக்கு இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

714 ரூபாய்க்கு எதிரே 38 லட்சம் எப்படி வருகிறது?

பெரும்பாலான ஸ்கூட்டர்களும் சாதாரண பைக்குகளும் 75 சிசிக்கு மேல் 150 சிசிக்குள் வருபவை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இந்த வண்டிகளுக்கு ஒரு வருஷ மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 843 ரூபாய். மாதக் கணக்கில் 70 ரூபாய்தான். 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு இது ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416. இதற்கும் ஜி.எஸ்.டி. தனி.

இப்போது மறுபக்கம். இன்சூரன்ஸ் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று 100 அடி ரோட்டில் ஒருவர் மேல் மோதி, அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 30 வயது. சொந்தமாகச் சின்னக் கடை, மாதம் ரூ.20,000 வருமானம். மனைவி, குழந்தை, வயதான அம்மா என மூன்று பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். தவறு முழுக்க ஸ்கூட்டர் ஓட்டியவர்மேல்.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையைக் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் தந்த வாய்ப்பாடு இருக்கிறது. அதன்படி:

வருஷ வருமானம்: ரூ.2,40,000.
40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரர் என்பதால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40% கூட்ட வேண்டும்: ரூ.3,36,000.
அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு கழியும்: ரூ.2,24,000.
26 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கு எண் 17: ரூ.38,08,000.

இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

பாலிசி இருந்திருந்தால் இந்த 38 லட்சத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டியிருக்கும். மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தரும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லையென்றால் ஓட்டியவரும் உரிமையாளரும்தான் கட்ட வேண்டும். வருஷம் 714 ரூபாய் வீதம் மிச்சம் பிடித்து இந்தத் தொகையைச் சேர்க்க 5,333 வருஷம் ஆகும்.

“என்கிட்ட காசு இல்லைன்னு சொல்லிட்டா?” அதற்கும் பதில் வைத்திருக்கிறது சட்டம். பிரிவு 174ன்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போல இந்தத் தொகையும் வசூலாகும். வீடு, மனை, நிலம் எதுவும் ஜப்திக்கு வரலாம். விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, உரிய பிணை தராமல் விடுவிக்கக் கூடாது, ஏலம் விட்டு அந்தப் பணத்தை இழப்பீட்டுக்காக வைத்திருக்க வேண்டும் என்ற விதியை மாநிலங்கள் கொண்டுவர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லியிருக்கிறது.

புதுச்சேரியில் நடந்த விபத்துதானே, சென்னைக்காரர் இங்கே வந்து வழக்கு நடத்துவாரா என்ற கணக்கும் உதவாது. பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

“வண்டியைத்தான் வித்துட்டேனே!”

புதுச்சேரியில் பழைய வண்டி வியாபாரம் அமோகம். தமிழ்நாட்டிலும் பி.ஒய்.01 நம்பர் வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட படிவங்களைத் தந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம்.

முடியவில்லை என்கிறது 2018 பிப்ரவரி 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கில் ஒரு கார் அடுத்தடுத்துப் பல கைகள் மாறியது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009ல் அந்தக் கார் விபத்துக்குள்ளானது. யார் கட்டுவது? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் இன்று யார் கையில் இருக்கிறது என்று தேடி அலையும் வேலையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் காரணம்.

ஆகவே வண்டியை விற்றால், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம், தமிழ்நாடு தனி மாநிலம். கோட்டக்குப்பத்துக்காரருக்கு விற்றாலே அது வேறு மாநில விற்பனைதான், தடையில்லாச் சான்று வேண்டும்.

வேலைக்காகச் சென்னையில் குடியேறிய புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரு விஷயம். வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது பிரிவு 47.

35 நிமிடத்தில் போன பாதுகாப்பு

‘ஏதாவது நடந்தா உடனே போன்ல பாலிசி போட்டுக்கலாம்’ என்பது இன்னொரு நம்பிக்கை. 1991 டிசம்பர் 10 அன்று மதியம் 2.20க்கு ஒரு விபத்து நடந்தது. அதே நாள் 2.55க்கு அந்த வண்டிக்குப் பாலிசி எடுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் நேரம் குறிக்கப்பட்டிருந்தால், அந்த நேரத்திலிருந்துதான் பாதுகாப்பு, நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு வந்தது. 35 நிமிட வித்தியாசத்தில் முழுச் சுமையும் உரிமையாளர் தலையில்.

இன்சூரன்ஸ் இருந்தும் பதிவு காலாவதியானால்? ராஜஸ்தானின் ஜோத்பூரில் 2011ல் ஒரு பொலீரோ திருடுபோனது. பாலிசி உயிரோடு இருந்தது. தற்காலிகப் பதிவின் காலம் மட்டும் சில நாட்களுக்கு முன் முடிந்திருந்தது. பதிவு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டியது பாலிசி நிபந்தனையை அடிப்படையிலேயே மீறிய செயல் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் உரிமையாளருக்கு இழப்பீடு இல்லை என்றது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்ற வாதம் எடுபடவில்லை. பிரீமியம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, ஆர்.சி.யைக் கோட்டை விட்டால் இதுதான் ஆபத்து.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

டூவீலரை வாடகைக்கு விட 1997ல் மத்திய அரசு கொண்டுவந்த தனித் திட்டமே இருக்கிறது. அதற்கு உரிமம் வாங்க வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், மஞ்சள் எழுத்தில் இருக்கும்.

வெள்ளை பிளேட், கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதன் பாலிசியில் ‘வாடகைக்கு விடக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடிப்பது அதைத்தான். மூன்றாம் நபருக்கு ‘முதலில் நிறுவனம் கொடு, அப்புறம் உரிமையாளரிடம் வசூல் செய்’ என்று நீதிமன்றங்கள் சொல்வதுண்டு. ஆனால் வாடகைக்கு எடுத்தவருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கவனக்குறைவாக ஓட்டியது அவர்தான் என்றால், உரிமையாளரோடு சேர்ந்து அவரும் பொறுப்பு.

உங்களுக்கே அடிபட்டால்? கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ரூ.15 லட்சத்துக்கு ஒன்று உண்டு. அது உரிமையாளரே ஓட்டும்போது அவருக்குத்தான். வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்தவருக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு? வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் என்றால், டூவீலரின் பின் இருக்கையில் சும்மா ஏறி வருபவர் அதில் அடங்க மாட்டார் என்று 2006லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழுமையான பேக்கேஜ் பாலிசி இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. சாவியை வாங்குவதற்கு முன் நம்பரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எப்படி என்பது கடைசியில்.

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், அடிபட்டவருக்கு என்ன வழி?

முதலில் சிகிச்சை. 2025 மே 5 அன்று மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பணமில்லாமல் சிகிச்சை உண்டு. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது இதற்குத் தடை இல்லை.

அடுத்தது இழப்பீடு. இங்கேதான் ஒரு விநோதம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், அரசின் நிதியிலிருந்து உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. ஆனால் மோதிய வண்டி தெரியும், ஓட்டியவரும் தெரியும், இன்சூரன்ஸ் மட்டும் இல்லை என்றால்? இந்த நிதி வராது. வண்டி உரிமையாளரின் சட்டைப் பையைத்தான் நம்ப வேண்டும். அவரும் தினக்கூலிக்காரர் என்றால், தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது. மேலே சொன்ன 38 லட்சம் அந்தக் குடும்பத்துக்குக் காகிதத்தில்தான் இருக்கும். 70 ரூபாய் மாதச் செலவைத் தவிர்த்ததில் இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருவது இப்படித்தான்.

இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2019 திருத்தம் விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு வைக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2.5 லட்சம் கேட்கவும் பிரிவு 164 வழிசெய்கிறது.

பிரான்ஸில் எப்படி?

புதுச்சேரியை ஆண்ட நாட்டில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்ப்பது சுவாரஸ்யம். இந்தியாவில் கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1946 ஜூலை 1லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரான்ஸ் அதற்குச் சட்டம் போட்டதே 1958ல்தான். அதாவது 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபோது, பாரிஸில் ஓடிய கார்களுக்குக்கூட இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை.

ஆனால் பிரான்ஸ் 1951லேயே வேறொன்றைச் செய்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஓர் உத்தரவாத நிதி. அது பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுக்கும், பிறகு தவறு செய்தவரிடம் வசூலிக்கும். காத்திருக்கும் கஷ்டம் அடிபட்டவருக்கு இல்லை. காரின் கண்ணாடியில் ஒட்டும் பச்சை நிற இன்சூரன்ஸ் ஸ்டிக்கரையும் 2024 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டார்கள். நம்பர் பிளேட்டை வைத்தே போலீஸ் கணினியில் பார்த்துக்கொள்கிறது.

கணினி விஷயத்தில் இந்தியா பின்தங்கி இல்லை. வாகன் தளத்தில் வண்டியின் பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகள் இருக்கின்றன. இங்கே இல்லாதது, தெரிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதபோது முழு இழப்பீட்டையும் முன்கூட்டிக் கொடுக்கும் அந்த நிதிதான்.

15 வருஷம் தாண்டிய வண்டியை நசுக்கிவிடுவார்களா?

இல்லை. டெல்லியின் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் தடையைப் படித்துவிட்டுப் பலர் அப்படிப் பயப்படுகிறார்கள். அந்தத் தடை தலைநகர்ப் பகுதிக்கானது. 15 வருஷம் தாண்டினால் புதுப்பிக்கவே முடியாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு வந்த விதி. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஆய்வில் தேறினால் தாராளமாகப் புதுப்பிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

மத்திய விதிகளின்படி 2022 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்புக் கட்டணம் டூவீலருக்கு ரூ.1,000, காருக்கு ரூ.5,000. தாமதமானால் டூவீலருக்கு மாதம் ரூ.300, காருக்கு மாதம் ரூ.500 கூடும். பத்து மாதம் தள்ளிப்போட்ட ஸ்கூட்டருக்கு 1,000 ரூபாய் 4,000 ஆகிவிடும். 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் உயர்ந்தது: டூவீலருக்கு ரூ.2,000, காருக்கு ரூ.10,000.

வண்டி ஓடும் நிலையில் இல்லை, புதுப்பிக்கவும் மனசில்லை என்றால், பதிவை ரத்து செய்துவிட்டு முறையாக ஒப்படைப்பதே நல்லது. உங்கள் பெயரில் ஒரு ஆர்.சி. உயிரோடு இருக்கும்வரை, பொறுப்பும் உயிரோடு இருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

1. எம்-பரிவாஹன் ஆப் அல்லது வாகன் இணையதளத்தில் உங்கள் வண்டி நம்பரைப் போடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் தேதிகளையும் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் வண்டிக்கும் இதே வழிதான்.

2. அந்த மூன்று தேதிகளுக்கும் ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். 5 வருஷப் பாலிசிக்காரர்கள் கட்டாயம்.

3. பாலிசி முடிந்திருந்தால் இன்றே எடுங்கள். எடுக்கும்வரை வண்டியைத் தொடாதீர்கள். சொந்தச் சேதத்துக்கான பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால், கிளெய்ம் செய்யாததற்கான போனஸ் தள்ளுபடியும் தப்பிக்கும்.

4. பாலிசியில் உள்ள நம்பர், இன்ஜின் எண், சேசிஸ் எண் மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய பாலிசி என்றால், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டு உண்மையா என்று பாருங்கள்.

5. ஆர்.சி.யில் உள்ள முகவரியும் போன் நம்பரும் இன்றைக்கு இருப்பவைதானா? பழைய முகவரிக்குப் போகும் நோட்டீஸும் சட்டப்படி நோட்டீஸ்தான். புதுச்சேரி நகரத்துக்காரர்கள் முதலியார்பேட்டை 100 அடி ரோட்டில் உள்ள போக்குவரத்துத் துறை அலுவலகத்தை அணுகலாம்.

6. விற்ற வண்டி ஏதாவது இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை மாற்றுங்கள்.

டிஜிலாக்கரிலும் எம்-பரிவாஹனிலும் உள்ள ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2018 முதல் விதியே இருப்பதால், பேப்பரைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அது காலாவதி ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.